முள் நூற்றுப்பத்தைத் தொடவில்லை

அன்று காருக்குள் இருந்தவர்கள்: நான், என் அத்தான், பின்னிருக்கையைக் கழற்றிய இடத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்த இருபது லிட்டர் தண்ணீர்க் கேன். கேனையும் ஆளாகச் சேர்த்ததற்கு மன்னிக்கவும். எடை பார்த்தே பழகியவனுக்கு எல்லாம் ஆள்தான். அத்தான் தொண்ணூற்றிரண்டு கிலோ, நான் ஐம்பத்தெட்டு, கேன் இருபத்தொன்று.

நடந்ததை நடந்தபடி எழுதித் தரச் சொன்னீர்கள். பேனா கொடுத்தீர்கள், மின்விசிறியையும் என் பக்கம் திருப்பி வைத்தீர்கள். அது தேவையில்லை. எனக்கு வெக்கை பழக்கம்.

முதலில் என்னைப் பற்றி. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் மூன்று வருடம் இரவுப் பணி பார்த்தேன். சுவரில் ஆறு மீட்டர். ஆறு முள். எந்த முள்ளும் சிவப்புக் கோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வருடத்தில் ஒன்றுகூடத் தொடவில்லை. தொடாத ஒன்றை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவனுக்குச் சம்பளம் எதற்கு என்று ஒரு நாள் தோன்றியது. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அக்கா வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். கீழே கார் நிற்கும் கொட்டகை.

கார் ஜப்பான்காரன் செய்தது. இரண்டு கதவு, டர்போ, வயது இருபத்தேழு. பழைய இரும்புக் கடையில் மூக்கு நசுங்கிக் கிடந்ததை இழுத்து வந்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். இன்ஜினுக்குக் காற்றை அடித்து ஊட்டும் டர்போவைப் பெரிதாக்கினேன், எக்ஸாஸ்ட் குழாயை அகலப்படுத்தினேன். சக்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது. சக்தி இரண்டு மடங்கென்றால் சூடும் அப்படித்தான் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. ஜப்பானில் அதைச் செய்தவன் எந்த வெயிலை மனதில் வைத்துச் செய்தானோ, நம் வெயிலை வைத்துச் செய்யவில்லை.

முதல் தடவை கொதித்தது எங்கள் தெருவிலேயே. இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைக் கூலன்ட் பீய்ச்சி அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த நான்கு வெள்ளைப் போர்வைகளில் பட்டது. இரண்டாவது தடவை அக்கா மகளின் பள்ளி வாசலில். ஆவியைப் புகையென்று நினைத்து வாட்ச்மேன் மணல் வாளியோடு ஓடி வந்தார். பிள்ளை அவமானத்தில் அழுதுவிட்டாள். இரண்டாவது தடவை தவறு என்னுடையது. கூலன்ட் மாற்றியபோது குழாய்க்குள் காற்று தங்கிவிட்டது. காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து, கடைசிக் குமிழி வெளியேறும்வரை பொறுமையாக நிற்க வேண்டும். நான் பத்து நிமிடம் நின்றேன். நாற்பது நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அத்தான் பேச்சை எடுத்தார்.

“மச்சான், இன்னொரு தடவை ஆவி பறந்துச்சுன்னா வீட்டை விட்டு அனுப்பிடணும். சரியா?”

“என்னையா, காரையா?”

“உன்னை அனுப்பினா உங்க அக்கா அழுவா. காரை அனுப்பினா நான் மட்டும்தான் அழணும். அதான் கணக்கு பாத்துச் சொல்றேன்.”

அக்கா சிரிக்கவில்லை. “இவர் இப்படித்தான் பேசுவார். நான் நிஜமா சொல்றேன்டா. மூணாவது தடவை கொதிச்சா, மறுநாள் காலையில அது இங்க நிக்கக் கூடாது.”

அத்தான் என் பக்கம் சாய்ந்து, “அவ சொல்லிட்டா. அப்பீல் கிடையாது. ஒண்ணு பண்ணு. நல்ல உச்சி வெயில்ல என்னை ஒரு தூரம் கூட்டிட்டுப் போ. கொதிக்காம கொண்டுபோய்ச் சேத்துட்டேன்னா, நானே அவ கால்ல விழுந்து காரைக் காப்பாத்தித் தரேன்” என்றார்.

பந்தயத்தைப் போட்டது அவர். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டீர்கள். நல்லவர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருபத்தாறு வருடம் கற்றுக்கொடுத்தவர். அவரால் ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ், மீதிப் பேருக்குத் தன்னம்பிக்கை. யார் ஓட்டினாலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் மிதிப்பார். என் காரில் அந்த இடத்தில் தரைவிரிப்பே தேய்ந்துவிட்டது. என்ன நடந்தாலும் சிரிப்பார். ஒரு மாணவன் வண்டியைக் கோழிக்கடைக்குள் விட்டபோதுகூட, “பரவால்ல, சிக்னல் போட்டுட்டுத்தான் உள்ள போனான்” என்றார்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஜப்பான் கார்களில் கம்பெனி பொருத்திய வெப்ப முள் ஒன்று உண்டு. அது பொய் சொல்லும். எண்பது டிகிரிக்கும் நடுவில் நிற்கும், நூற்றைந்துக்கும் நடுவில்தான் நிற்கும். ஓட்டுபவன் வீணாகப் பயப்படக் கூடாது என்று செய்த ஏற்பாடு. முள் நடுவை விட்டு நகரும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தனியாக ஒரு மீட்டர் பொருத்துவார்கள். நானும் பொருத்தினேன். அத்தானின் முகம் கம்பெனி முள் மாதிரி. எப்போதும் நடுவில் நிற்கும் சிரிப்பு. அவருக்குத் தனி மீட்டர் பொருத்த வழியில்லை. இதற்கு நான் என்ன செய்ய முடியும்?

பதினைந்து நாள் இருந்தது. அவருக்கு ஆஸ்பத்திரியில் மதியம் ஒன்றரைக்கு ஒரு ஸ்கேன். தூரம் இருபத்திரண்டு கிலோமீட்டர். அந்த நாளையே பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவர்தான் சொன்னார். நான் வேலையில் இறங்கினேன்.

ரேடியேட்டரைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் ஒவ்வொரு தகடாகப் பூச்சியும் புழுதியும் போகச் சுத்தம் செய்தேன். முன்பக்கம் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு தப்பிக்காதபடி அலுமினியத் தகடு வெட்டிப் பக்கங்களை அடைத்தேன். காற்றும் மனிதன் மாதிரிதான், சுலபமான வழி இருந்தால் அதில் போய்விடும். வாலை இறக்கி மூக்கைத் தூக்கி வைத்து, இந்தத் தடவை ஒரு மணி நேரம் காற்றை வெளியேற்றினேன். ஏ.சி.யை முழுதாக எடுத்துவிட்டேன். அதன் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் போர்வை மாதிரி நிற்கிறது. பக்கக் கண்ணாடிகளுக்குப் பதிலாக இலேசான பிளாஸ்டிக் தகடுகள் முன்பே போட்டிருந்தேன். அவை இறங்காது. உள்ளங்கை அளவு ஒரு சின்னத் திறப்பு மட்டும் உண்டு.

ஓடும்போது முள் தொண்ணூற்றிரண்டில் நின்றது. கொதி நிலை என்று நான் வைத்திருந்தது நூற்றுப்பத்து. நெரிசலில் நின்றால்தான் பிரச்சினை. நின்றால் காற்று இல்லை, முள் ஏறும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. வெயிலில் கார் ஓட்டும் எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். காருக்குள் குளிர்காலத்துக்கென்று ஹீட்டர் இருக்கிறதல்லவா, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அதை முழுதாகத் திறந்துவிட்டால் இன்ஜினின் சூடு ஆட்களின் பக்கம் வந்துவிடும். முள் எட்டு டிகிரி இறங்கும்.

அதற்காகவும் பயிற்சி எடுத்தேன். தினமும் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு, ஹீட்டரை முழுதாக வைத்து, ஒரு மணி நேரம் சுற்றினேன். முதல் நாள் வாந்தி வந்தது. எட்டாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. உடம்பு பழகிவிடுகிறது. மனிதனுக்கு வேர்க்கும். இன்ஜினுக்கு வேர்க்காது. அதற்கு நாம்தான் வேர்த்துக் கொடுக்க வேண்டும்.

அத்தானுக்குப் பயிற்சி இல்லையே என்று நீங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவரிடம் முன்கூட்டியே சொன்னால் பந்தயத்துக்கு அர்த்தம் இல்லை.

அவருடைய இரத்த அழுத்த மாத்திரை பற்றி எனக்குத் தெரியும். உடம்பிலிருந்து நீரை இறக்கும் மாத்திரை. வெயிலில் அலையக் கூடாது என்று டாக்டர் எழுதிய சீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் நான் என் கூலன்ட் கலவை அளவை ஒட்டியிருந்தேன், எழுபது பங்கு தண்ணீர், முப்பது பங்கு கூலன்ட். ஆகவே தினமும் இரண்டையும் படித்தேன். தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். அக்கா வேலைக்குப் போகும்முன், “பத்திரமா கூட்டிட்டுப் போடா” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஸ்கேனுக்காகக் காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிடவில்லை, குடிக்கவில்லை. கேனைப் பார்த்துவிட்டு, “எனக்கா?” என்றார்.

“இன்ஜினுக்கு அத்தான். வடிகட்டின தண்ணி.”

“நல்ல மரியாதை. வீட்டு மாப்பிள்ளைக்குக் குழாய்த் தண்ணி, காருக்கு வடிகட்டினது.”

பதினேழு கிலோமீட்டர் பஞ்சு மாதிரி போனது. முள் தொண்ணூற்றிரண்டை விட்டு அசையவில்லை. அத்தான் இல்லாத பிரேக்கை எட்டுத் தடவை மிதித்தார். “மச்சான், ஒத்துக்கறேன், நல்லா இருக்கு. மூணாவது கியர்ல இழுக்கறப்ப எனக்கு முதுகுல யாரோ தட்டிக்கொடுக்கற மாதிரி இருக்கு” என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு நாள் ஆகியிருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், வாக்குமூலத்தில் சந்தோஷத்துக்கு இடம் இருந்தால்.

பாலத்து ஏற்றத்தில் ஜல்லி லாரி ஒன்று சாய்ந்து கிடந்தது. முன்னும் பின்னும் வண்டி. நிழல் இல்லை. முள் தொண்ணூற்றெட்டு, நூற்றொன்று, நூற்று நான்கு. நான் ஹீட்டரை முழுதாகத் திறந்தேன்.

“டேய், சூடா வருது.”

“ஆமா அத்தான். அங்கேருந்து இங்க வருது.”

“அப்ப அங்க குளிருமா? நான் பானெட்டுக்குள்ள போய் உக்காந்துக்கவா?”

சிரித்தோம். முள் தொண்ணூற்றேழுக்கு இறங்கியது. கால் மணி நேரம் நன்றாகப் போனது. அவர் சட்டை முழுக்க நனைந்து, கைக்குட்டையைப் பிழிந்தால் சொட்டியது. பிறகு நான் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் மெல்ல ஹீட்டரை அணைத்துவிட்டார். மாணவன் ஸ்டியரிங்கைத் தப்பாகத் திருப்பினால் பக்கத்திலிருந்து திருத்துவாரே, அந்த மாதிரி. முள் உடனே நூற்றாறு. நான் திரும்பப் போட்டேன். அவர் அணைத்தார். நான் போட்டுவிட்டு, ஹீட்டரைத் திருகும் குமிழைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் பையிலிருந்து நீங்கள் எடுத்த கறுப்புக் குமிழ் அதுதான். கோபமாகச் செய்யவில்லை. பிள்ளைகள் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கி வைக்கிறோம் இல்லையா, அப்படி.

இன்ஜினை நிறுத்தியிருக்கலாமே என்று உங்கள் ஜீப் டிரைவர்கூடக் கேட்டார். கார் தெரிந்தவர் கேட்க மாட்டார். அந்தச் சூட்டில் நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்று, டர்போவின் சூடு முழுக்கத் திரும்பி ஏறி, இரண்டு நிமிடத்தில் ஆவி. அதோடு பந்தயம் முடிந்தது. மறுநாள் காலை கார் இல்லை. நான்கு வருடம் இல்லை. பிறகு நான் யார்? மாடி அறையில் இருக்கும் ஒரு மச்சான்.

முள் மறுபடி நூற்று மூன்றுக்கு வந்ததும் இறங்கி, கேனிலிருந்து தெளிப்பானில் தண்ணீர் பிடித்து, பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மேல் தெளித்தேன். நான்கு தடவை நிரப்பினேன். அத்தான் ஜன்னல் தகட்டின் திறப்பில் வாயை வைத்து, “எனக்கும் ரெண்டு சொட்டு தெளிடா” என்றார். ஸ்கேனுக்கு முன்னால் தண்ணீர் கூடாது என்று நினைவுபடுத்தினேன். குடிக்கக் கேட்கவில்லையே, தெளிக்கத்தானே கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. பானெட் தூக்கியிருந்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

திரும்ப உள்ளே ஏறியபோது அவருக்கு வேர்ப்பது நின்றிருந்தது. நெற்றி உலர்ந்து, சிவந்து, பளபளப்பாக இருந்தது. பழகிவிட்டார் என்று நினைத்தேன். எனக்கு எட்டு நாள் ஆனது, அவருக்கு அரை மணியிலேயே வந்துவிட்டதே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டேன். அவர் வலது கால் மட்டும் அவ்வப்போது பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. கார் நகரவே இல்லை. “இடது பக்கம் ஒடி, ஒடி, மெதுவா, கிளச்சு” என்று யாரோ மாணவனிடம் சொன்னார். தமாஷ் செய்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். முகத்தில் அதே சிரிப்பு இருந்ததே.

ஒன்று ஐம்பதுக்குப் பாதை திறந்தது. காற்று வந்ததும் முள் சரசரவென்று இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது தொண்ணூற்று நான்கு. ஒரு சொட்டுக் கூலன்ட் வெளியே வரவில்லை. அந்த வெயிலில், அந்த நெரிசலில், அந்த டர்போவோடு. தொழில் தெரிந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நம்ப மாட்டார்கள்.

டர்போ ஆறுவதற்கு இன்ஜினை மூன்று நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்தினேன். அது விதி. பிறகு நர்ஸைக் கூப்பிட்டேன். அவள் அத்தானின் கழுத்தைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். டாக்டர் வந்து உடம்புச் சூடு நாற்பத்திரண்டு என்றார். எனக்கு முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டுதானே என்று தோன்றியது.

நாலரைக்கு இறந்துபோனார். அக்கா வந்தாள். பந்தயத்தில் ஜெயித்ததைச் சொல்ல அது நேரமில்லை என்று எனக்கும் தெரிந்தது. சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிய வேண்டும். நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த டாக்ஸிக்காரர். அவர் உங்களிடம் சொன்னதைப் படித்துக் காட்டினீர்கள். உண்மைதானா என்று கேட்டீர்கள். நேற்று இல்லை என்றேன். இன்று எழுதுகிறேன், உண்மைதான். நான் தண்ணீர் தெளித்து முடித்து பானெட்டை இறக்கிய நேரம் அது. பக்கத்து வரிசையில் இரண்டடி தள்ளி அவர் நின்றிருந்தார். கண்ணாடியை இறக்கியதும் அந்த வண்டியின் குளிர்ச்சி என் முழங்கையில் பட்டது.

“தம்பி, அவர் முகம் சரியில்லப்பா. என் வண்டியில ஏ.சி. ஓடுது, ஆளும் இல்ல. இதுல வந்து உக்காரச் சொல்லு. காசு கீசு வேணாம்.”

அத்தானுக்குக் கேட்டுவிட்டது. அவரே கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். அதுவரை அவர் தெளிவாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்து, “மச்சான், உன் கார் ஜெயிச்சிடுச்சுடா. கொதிக்கவே இல்லன்னு உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன். சத்தியமா சொல்றேன். நான் அதுல வரேன்” என்றார்.

சொல்லியிருப்பார். வாக்குத் தவறாத மனிதர். ஆனால் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருந்தது. முள் நூற்றொன்றில் இருந்தது. பாதியில் இறங்கிப் போனவர் தருகிற வெற்றி பிச்சை மாதிரி. கிடங்கில் சம்பளம் வாங்கியது போதும், இனிமேல் சும்மா வருவது எதுவும் எனக்கு வேண்டாம்.

டாக்ஸிக்காரரிடம், “அவருக்கு இது பழக்கம்தாண்ணே” என்றேன்.

அத்தானின் காலைத் தூக்கி உள்ளே வைத்தேன். செருப்பு சாலையில் விழுந்தது. எடுக்கவில்லை. பெல்ட்டை மாட்டினேன். அவர் “டேய்” என்றார். அதில் சிரிப்பு இல்லை, அதை நான் கவனித்தேன். உள்ளிருந்து பூட்டை விடுவிக்கும் சிறு குச்சியை இரண்டு கதவிலும் நான் எடை குறைக்க முன்பே பிடுங்கியிருந்தேன். இரண்டும் சேர்ந்து முப்பது கிராம். வெளியிலிருந்து பூட்டினால் உள்ளே இருப்பவரால் திறக்க முடியாது என்பது எனக்குத் தெரியும்.

கதவைச் சாத்தி, பையிலிருந்த மாற்றுச் சாவியைப் போட்டுப் பூட்டினேன்.